வரவு இடாப்பும் வயிற்றுப்பாடும்

(பகலில் உத்தியோகமும் மாலையிலும் வார இறுதியிலும் படிப்புமாக வாழ்வோர் வெள்ளவத்தையில் கூடியபோது நிகழ்த்திய உரை)



வகுப்பு முடிந்த கையோடு, வீட்டுக்கும் போகாமல், நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். வாரத்தில் உங்களுக்கென எஞ்சுவது இந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் ஒன்றுதான் என்பதை நாம் அறிவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தோர் சிலர் பிள்ளைகளையும் உடன் அழைத்து வந்திருக்கின்றனர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதற்காக எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. பிள்ளை அழுதால் நாம் பேச்சைச் சற்று நிறுத்திக்கொள்வோம்; நீங்கள் எழுந்து வெளியே போக வேண்டாம். அப்படியே போனாலும் பெயரைக் குறித்துக்கொள்ள இங்கே வரவு இடாப்பு கிடையாது.

இன்று நாம் பேச வந்தது அந்த இடாப்பைப் பற்றித்தான்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகப் பீடங்கள் பலவற்றின் கைந்நூலைத் திறந்து பாருங்கள். விரிவுரைகளில் 80 வீதத்துக்குக் குறையாமல் சமுகமளித்தோரே பருவ இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம் என்ற விதியைக் காண்பீர்கள். அந்த விதியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று கோஷமிட நாம் இங்கு வரவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் கைதட்டு வாங்குவதற்கு அது எளிய வழி. நோயாளியின் படுக்கையருகே நின்று பழகாத வைத்தியரிடமும், எதிர்த்தரப்பு வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்டறியாத சட்டத்தரணியிடமும் உங்கள் உயிரையோ உறுதிக் காணியையோ ஒப்படைப்பீர்களா? மாட்டீர்கள். வகுப்புக்கு வருதல் வேண்டும் என்பது நியாயமான விதி. அது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதே நம் கேள்வி.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றபோது, அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கண்ட கனவு, மாணாக்கர் தங்கிப் பயிலும் பல்கலைக்கழகம். பேராதனை அந்தக் கனவின் வடிவம். விடுதியில் உண்டு உறங்கி, மரநிழலில் நடந்து விரிவுரை மண்டபத்தை அடையும் இருபது வயது இளைஞன்தான் அங்கே மாணவன். அவனுக்கு வேறு தொழில் இல்லை, இருத்தலும் கூடாது. அவன் வகுப்புக்கு வரவில்லையெனின் சோம்பல் என்று கொள்வதில் பெரிய பிழையில்லை. அதே அளவுகோலை எடுத்துவந்து, கோட்டையில் ஐந்து மணிவரை கந்தோரில் இருந்துவிட்டு, காலி வீதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் நாற்பது வயதுக் குடும்பத் தலைவர்மீது வைக்கும்போதுதான் நீதி தவறுகிறது. சமமற்றோரைச் சமமாக நடத்துவதும் சமத்துவக் கேடே என்பது சட்டம் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம்.

இருபத்தொன்றும் இருபத்துநான்கும்

பொதுவாகப் பேசிப் பயனில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காலி வீதியில் புடைவைக் கடையொன்றில் வேலை செய்யும் ஒரு சகோதரி, சனியும் ஞாயிறும் நடக்கும் பட்டப் பாடநெறியில் சேர்ந்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். பருவமொன்றுக்கு 15 வாரம்; ஆண்டுக்கு இரண்டு பருவம்; ஆகவே 30 சனிக்கிழமைகள். வரவு பாடந்தோறும் தனித்தனியே எண்ணப்படுமாயின், சனிக்கிழமைப் பாடத்தில் விழுந்த குறையை ஞாயிற்றுக்கிழமை வரவு நிரப்பாது. 30 இல் 80 வீதம் 24. புடைவைக் கடைக்கோ சனிக்கிழமைதான் வியாபாரம். எனவே அவர் ஆண்டொன்றில் 24 சனிக்கிழமை லீவு கேட்க வேண்டும்.

கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் அவருக்கு அளிப்பது எவ்வளவு? ஆண்டு லீவு 14 நாள். அமய லீவு 7 நாள். கூட்டினால் 21.

கல்லூரி கேட்பது 24. சட்டம் தருவது 21. அந்த இருபத்தொரு நாளையும் ஒன்றுவிடாமல் வகுப்புக்கே தாரைவார்த்தாலும் மூன்று நாள் குறைகிறது. அதற்கும் அவ்வாண்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது; ஊரில் எவரும் கண்மூடக்கூடாது; நல்லூர்த் தேரை நினைக்கக்கூடாது; தமக்கே தடிமன் பிடிக்கக்கூடாது. வேலையில் சேர்ந்த முதலாண்டில் ஆண்டு லீவு பதினான்கும் கிடையாது. அவ்வாண்டில் படிக்கப் புறப்பட்டவர் கதி என்ன? அரசாங்க உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவைப்படி ஓய்வு லீவு 24, அமய லீவு 21 ஆக 45 நாள் உண்டு. அவர் ஒருவாறு கரையேறுவார். கடையில் நிற்பவர் கரையேற வழியில்லை. இங்கே விதி, உழைப்பையோ அறிவையோ அளக்கவில்லை. எந்த வகை உத்தியோகம் என்பதை அளக்கிறது.

தாய்மாரின் நிலை இன்னும் விசித்திரமானது. 2018 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்பின், எத்தனையாவது பிள்ளையாயினும் தாய்க்கு 84 நாள் பிரசவ லீவு கொடுக்கும்படி சட்டம் தொழில் வழங்குநருக்குக் கட்டளையிடுகிறது. ஒரு பருவம் முழுவதற்கும் வார நாட்கள் 75 தான். அதாவது ஒரு பருவத்திலும் நீண்ட ஓய்வு அந்த உடலுக்கு வேண்டும் என்பதை நாட்டின் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் முதலாளியின் முன் பிரசவித்த தாயாக நிற்பவர், வரவு இடாப்பின் முன் வெறும் ‘வராதவர்’ ஆகிவிடுகிறார். இதற்கெனத் தனி ஏற்பாடு செய்துள்ள பீடமும் இருக்கலாம். அதை ஏற்பாடாக வைக்காமல், பீடாதிபதி ஒருவரின் நல்ல மனத்துக்கு விட்டிருந்தால், அடுத்த பீடாதிபதி வரும்போது அந்த நல்ல மனமும் போய்விடும்.

இவ்விடத்தில் நம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நாம் கோழைகள். மேலே சொன்ன சகோதரியின் வார ஓய்வு நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தால் அவருடைய சிக்கலில் பெரும்பகுதி அன்றே தீரும். வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு கொடுக்கும்படி சட்டம் சொல்கிறது. அது சனிக்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சட்டம் மௌனமாக இருக்குமிடத்தில் முதலாளியின் மனம் பேச வேண்டும். வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் முதலாளிமாராக இருப்போரில் பலர் தமிழர். திருவிழா உபயத்துக்கு வாரி வழங்கும் அதே கை, கடையில் நிற்கும் பெண் ஒரு சனிக்கிழமை கேட்டால் ஏன் சுருங்குகிறது? அவர்களிடம் நாம் தனித்தனியே போய்க் கேட்டிருக்கிறோம். சிலர் இசைந்தனர். இசையாதோரின் பெயரை மேடையில் சொல்வது நம் வழக்கமன்று. இன்னுமொருமுறை போய்க் கேட்பதே வழக்கம்.

முன்னோர் கண்ட வழிகள்

உழைப்போருக்கு ஏற்ற நேரத்தில் கற்பிப்பது உலகத்துக்குப் புதிதா? 1823 இல் இலண்டனில் கைவினைஞருக்கென ஒரு கல்வி நிலையம் எழுந்தது. வேலை முடிந்த மாலை வேளையில் வகுப்பு. பேர்க்பெக் கல்லூரி எனப் பெயர் பெற்ற அந்நிலையம் 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. இன்றும் மாலையில் அதன் விளக்குகள் பிரகாசிக்கின்றன. பம்பாயில் 1946 இல் டாக்டர் அம்பேத்கர் சித்தார்த்தர் கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போவோர் வகுப்பை முடித்துக்கொண்டு கந்தோருக்குப் போகக்கூடியதாகக் காலை வேளையில் வகுப்புகளை வைத்தார். நம் கொழும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அருட்தந்தை பீற்றர் பிள்ளை 1954 இல் பொரளையில் அக்குவைனாஸ் கல்லூரியை நிறுவியது, பல்கலைக்கழகத்தில் இடம் பெறாதோருக்கும் உயர்கல்வி எட்ட வேண்டும் என்பதற்காகவே. மாணவன் வாயிலுக்கு வர முடியாவிட்டால் வாயில் மாணவனிடம் போக வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கு.

நாவலையில் 1980 இல் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. பாடம் அச்சாகி வீட்டுக்கு வந்தது. அடுப்படியில் இருந்தும் படிக்கலாம் என்றாயிற்று. அதற்காக அதனை வாழ்த்துகிறோம். ஆனால் எல்லாப் பாடநெறிகளும் அங்கே இல்லை. “வேலைக்குப் போகிறவர்கள் திறந்த பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும், எங்களை விட்டுவிடட்டும்” என்று ஏனைய நிறுவனங்கள் கைகழுவுவதற்கு அது சாட்டும் அன்று. வார இறுதிப் பாடநெறி என்று விளம்பரம் செய்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு, வார இறுதியில் படிக்க வருவோர் யார் என்பதை மட்டும் மறந்துவிடுவது எவ்வகையில் நேர்மை?

முடியாது என்று இனிச் சொல்லவும் இயலாது. 2020 இல் பெருந்தொற்று வாயில்களை மூடியபோது விரிவுரைகள் இணையவழி நடந்தன. 2022 இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோதும் அவ்வாறே நடந்தன. விரிவுரையாளர் கொழும்பில், மாணவர் கிளிநொச்சியில். அன்று அந்த வரவு வரவாகவே கொள்ளப்பட்டது. நாடு முழுவதற்கும் இடர் வந்தபோது செய்ய முடிந்ததை, ஒரு தாய்க்கு இடர் வரும்போது செய்ய முடியாதென்பது எங்ஙனம்?

இவ்வுரை பத்திரிகையில் வெளிவருமாயின், ஊரிலிருந்து வாசிக்கும் கமக்காரப் பெருமக்களுக்கு இது கொழும்பாரின் கதையாகத் தோன்றக்கூடும். அன்று. இங்கே கடையிலும் கந்தோரிலும் நின்றுகொண்டு படிக்கும் பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள். காலபோக அறுவடைக்கு ஆள் போதாமல் மகனை வரச்சொல்லி நீங்கள் அழைக்கும் தை, மாசியில் அவன் எத்தனை நாள் வரவை இழக்கிறான் என்பதை அவன் உங்களிடம் சொல்வதில்லை. உங்களிடமிருந்து ஒரு நடைமுறையைக் கல்லூரிகள் கற்றுக்கொள்ளலாம். குளத்து நீரை எந்த நாளில் திறப்பது, விதைப்பை எந்த நாளுக்குள் முடிப்பது, வாய்க்காலை எப்போது துப்புரவு செய்வது என்பவற்றை அதிகாரிகள் தனித்திருந்து விதிப்பதில்லை. போகக் கூட்டம் கூட்டி, வயலில் இறங்குகிறவனையும் கேட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். தீர்மானித்தபின் எல்லோரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். பிந்தினவனுக்கு நட்டம் என்பதையும் ஒப்புக்கொள்கிறார்கள். வகுப்பு நேரத்தை வகுக்கும் நாளில் ஒரு தடவையேனும் வேலை செய்யும் மாணவரை அழைத்துக் கேட்ட கல்லூரி எது?

சன்னலோரம் கிடைத்த பாடம்

நாமும் இந்தப் பாதையில் நடந்தவர்களே. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் நாம் கோட்டையில் ஒரு கந்தோரில் லிகிதர்; கொட்டாஞ்சேனையில் வாடகை அறை; மாலையில் ஒரு நிறுவனத்தில் வகுப்பு. அதன் பெயர் வேண்டாம். அக்காலத்தில் இந்நகரில் தமிழர் ஒருவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதென்பது தம் கையில் இருந்த காரியமன்று. 2007 யூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நாம் விடுதியில் இல்லாததால் தப்பினோம். ஆனால் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற மாலைகளுக்குக் கணக்கில்லை. நாற்பது நிமிடம் பிந்தி வகுப்புக்குள் நுழைந்தால் இடாப்பு மூடப்பட்டிருக்கும். பருவ இறுதியில் இரண்டு விரிவுரைகள் குறைந்தன. பரீட்சைக்கு அனுமதியில்லை; ஓராண்டு போயிற்று.

அலுவலகச் சன்னலோரம் நின்று வாதாடினோம். உள்ளே இருந்தவர் ஒரு சிங்கள லிகிதர், வயதானவர். நாம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். “மல்லி, விதியை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை பிந்தியபோதும் மறுநாள் ஒரு கடிதம் தந்திருந்தால், அதையெல்லாம் கட்டிச் சபைக்கு அனுப்பியிருப்பேன். இப்போது என்னிடம் உன்னுடைய வாய்ப்பேச்சைத் தவிர ஒன்றும் இல்லையே” என்றார். சட்டம் படிக்கப் போனவருக்கு எழுத்துச் சான்றின் அருமையைச் சன்னலுக்கு அப்பாலிருந்த லிகிதர் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அன்று தொடங்கி இன்றுவரை, நம்மிடம் வரும் எவரிடமும் நாம் கேட்கும் முதற்கேள்வி: “எழுத்தில் கொடுத்தீர்களா?”

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். லீவு மறுக்கப்பட்டதா? முதலாளியிடம் எழுத்தில் கேட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு நோயா? மருத்துவச் சான்றிதழைப் பருவ இறுதிவரை மேசை இலாச்சியில் வைத்திராமல் அந்த வாரமே கொடுங்கள். கையில் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சேருமுன்னரே கைந்நூலில் வரவு விதியை வாசியுங்கள். இதையெல்லாம் செய்யாமல், வருகிற நண்பரைக்கொண்டு தம் பெயருக்கு எதிரே கையொப்பமிடுவிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. சிரிக்கிறீர்கள், ஆகவே உண்டு. நண்பர்களே, அது பொய்க் கையொப்பம். சட்டத்தரணியாக விரும்புவோர் நன்னடத்தை உடையோர் என்று உயர் நீதிமன்றத்துக்குக் காட்டியே சத்தியம் செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமைக்காக அதை அடகு வைக்காதீர்கள். மேலும், ஐம்பது பேர் கள்ளமாக வரவு காட்டும்வரை, விதியால் இடர்ப்படுவோர் யாருமே இல்லை என்றுதான் இடாப்பு சாட்சி சொல்லும். நம் குறையை நாமே மறைத்துவிட்டு யாரிடம் நியாயம் கேட்பது?

வழக்குப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தில்லியில் 2016 இல், வரவுக் குறைவால் பரீட்சைக்கு அனுமதிக்கப்படாத சட்ட மாணவர் ஒருவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அந்த விவகாரம் நீதிமன்றம் ஏறி, 2025 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வரவுக் குறைவைக் காரணங்காட்டி எந்தச் சட்ட மாணவரையும் பரீட்சை எழுதவிடாமல் தடுத்தல் கூடாது, விதிகளை மீளாய்வு செய்க, குறையை மாணவர் முன்கூட்டியே அறியவும் மேலதிக வகுப்பால் நிரப்பவும் வழி செய்க. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். அத்தீர்ப்பு வர ஓர் உயிர் போனது. ஒன்பது ஆண்டுகளும் போயின.

நம் நாட்டில் அரச பல்கலைக்கழகமாயின், அரசியலமைப்பின் 12 (1) ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையைக் காட்டி உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். மீறல் நிகழ்ந்த ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள். இரண்டு மாதம் அழுதுவிட்டு நம்மிடம் வந்தால் நாமும் சேர்ந்து அழலாமேயன்றி வேறொன்றும் செய்ய முடியாது. தனியார் நிறுவனமாயின் அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டது.

நீதிமன்றப் படிக்கட்டு எத்தனை நீளம் என்பதை வெள்ளவத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர், தலை நரைத்த தமிழ் லிகிதர்கள் கந்தோர் விட்டு வந்து சிங்கள எழுத்துப் பழகினார்கள். பரீட்சையில் தேறாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை. பரீட்சைக்குத் தோற்றாத கோடீஸ்வரன் என்ற லிகிதருக்கு 1962 இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம், அரச ஊழியர் தம் சம்பளத்துக்கு வழக்கிடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் தீர்க்காமலே திருப்பி அனுப்பியது. வழக்கு வேண்டாம் என்பதற்கு இதைச் சொல்லவில்லை. வழக்குக்கு முன் செய்ய வேண்டியது நிறைய உண்டு என்பதற்கே சொல்கிறோம்.

நாம் கேட்கப்போவது அதிகமில்லை. பரீட்சைக்கு அனுமதி மறுக்குமுன் மாணவரை அழைத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும்; குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கும் உள்ள உரிமை அது. பருவத்தின் நடுவிலேயே குறையை எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறிய விரிவுரையை இன்னொரு நாளிலோ இணையவழியிலோ ஈடுசெய்ய இடமளிக்க வேண்டும். பிரசவத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். உழைப்போரின் கல்விக்குச் சம்பளத்துடன் லீவு வழங்குவது பற்றிச் சர்வதேசத் தொழில் நிறுவனம் ஜெனீவாவில் 1974 இலேயே 140 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. நம் 1954 ஆம் ஆண்டுச் சட்டத்திலோ கல்வி லீவு என்ற சொல்லே இல்லை. அது பாராளுமன்றத்தில் கேட்க வேண்டியது; தனியாகக் கேட்போம். இக்குறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. மருதானையிலும் மகரகமையிலும் இதே பஸ்ஸில் தொங்கும் சிங்கள, முஸ்லிம் சகோதரரும் இதே சன்னலில்தான் நிற்கிறார்கள். அவர்களுடைய கையொப்பமும் வேண்டும். ஆதலால் கடிதத்தை மூன்று மொழிகளிலும் தயாரித்திருக்கிறோம்.

வாசலருகே மேசையில் நகல்கள் இருக்கின்றன. உங்கள் பாடநெறிக்குப் பொருந்தாத வசனம் இருந்தால் வெட்டி, ஓரத்தில் திருத்தி எழுதுங்கள். உங்கள் கைந்நூலில் வரவு விதியுள்ள பக்கத்தின் பிரதியையும், இதுவரை எழுதிய லீவுக் கடிதங்களின் பிரதிகளையும் அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள். கடிதத்தை வாசியாமல் எவரும் கையொப்பமிட வேண்டாம்; நாம் எழுதியது என்பதற்காகவும் வேண்டாம்.